காரில் வந்தவரின் குறிப்புகள்

ஏழாவது பெட்டி பிளாட்பாரத்தின் மேற்குக் கோடியில் நிற்கும் என்று பலகையில் போட்டிருந்தது. நம்பி நின்றேன். ரயிலின் முகம் கண்ணில் பட்ட பிறகுதான் ஒலிபெருக்கிக்கு வாய் வந்தது. பெட்டிகள் இன்று தலைகீழ் வரிசையில் வருகின்றனவாம்.

ஓடினேன். என்னோடு இருநூறு பேர் ஓடினார்கள். எதிரே இருநூறு பேர் ஓடி வந்தார்கள். கிடைத்த கதவில் ஏறிக்கொள்ளவும் முடியாது. இந்த ரயில் ஹாம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கொலோன் போகும், மறு பாதி டூசல்டார்ஃப் போகும். கொலோனில் பிறந்த ஒருத்தி தப்பான பாதியில் உட்கார்ந்து எதிரி ஊரான டூசல்டார்ஃபில் இறங்கினால், அதை எங்கள் ஊரில் பத்து வருடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

பையில் செல்போன் அடித்தது. ஓடிக்கொண்டே எடுத்தேன்.

"ரோஸ்வீத்தா, என்ன இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?" இன்காவின் குரல். பின்னால் கார் ஓடும் இரைச்சல்.

"வண்டி தலைகீழா வந்திருக்கு. நீ எங்க இருக்க?"

"பெர்லினைத் தாண்டல இன்னும். வட்டச் சாலையில ஊர்ந்துட்டிருக்கேன். ஒண்ணு சொல்லணும். அப்பாவோட ரெக்கார்டருக்கு பேட்டரி போட்டேன். கேளுங்க."

ஒரு சின்ன 'டிக்'.

"எட்டு முப்பது. கதவைச் சாத்தியாச்சு. மழை இல்ல. காபி ரெண்டு கப் உள்ள போயிருக்கு. கிளம்பறேன்."

நான் நின்றுவிட்டேன். யாருடைய சூட்கேஸோ என் குதிகாலில் மோதியது. யாரோ திட்டினார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இறந்து சரியாக ஒரு வருடம் ஆகியிருந்தது.

"நிக்காதீங்க, ரோஸ்வீத்தா. ரயிலைப் பிடிங்க," என்றாள் இன்கா.

பிடித்தேன். கடைசிக் கதவு.

எங்கள் பயணப் பத்திரிகையில் வருடாவருடம் ஒரு சோதனை நடத்துவோம். பெர்லின் பான்கோவில் ஒரே வீட்டு வாசலிலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் கிளம்புவோம். ஒருவர் விமானம், ஒருவர் ரயில், ஒருவர் கார். கொலோன் தென்நகரில் ஒரு காபிக் கடை வாசலில் முடிப்போம். யார் எப்போது வந்தார், வழியில் எத்தனை வரிசையில் நின்றார், எத்தனை முறை சபித்தார் எல்லாம் ரெக்கார்டரில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சாதாரணக் குடும்பம் போகிற மாதிரிப் போக வேண்டும், வேகம் காட்டக் கூடாது. வழியில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. இவை விதி.

விமானம் எப்போதும் எங்கள் ஆசிரியர் அன்செல்முக்கு. ரயில் எனக்கு. கார், ஹோல்கருக்கு.

ஹோல்கர் பெர்லின்காரர். மனைவியை இழந்தவர். நூற்றிருபதைத் தாண்டி முள்ளை நகர விடாத மனிதர். வேகத்துக்கு வரம்பே இல்லாத ஆட்டோபான் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாகப் போவார். முதல் முறை கொலோன் வந்தபோது பட்டியலில் 'அரைச் சேவல்' என்று பார்த்து ஆசையாகச் சொல்லிவிட்டு, தட்டில் வந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சேவல் எங்க?" என்றார். "அது ரயில்ல வருது," என்றேன் நான். எங்கள் பழக்கம் அன்று ஆரம்பித்தது.

போன வருடம் இதே நவம்பரில், ஹாமைத் தாண்டி சாலை தெற்கே வளைகிற இடத்தில், ஹோல்கரின் கார் தடுப்பைப் பிய்த்துக்கொண்டு போனது. மணி ஒன்று நாற்பத்தொன்று. வேகம் நூற்றுத் தொண்ணூறு என்று போலீஸ் எழுதியது. அதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கும்போது அவருக்கு ஒரு அழைப்பு வந்தது என்றும் எழுதியது. பத்திரிகையின் எண். சோதனைக்கு எடுத்துப் போன மூன்று செல்போன்களும் அன்செல்மின் பெயரில் வாங்கியவை. அலுவலக அழைப்பு என்று போட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள்.

ஹோல்கரின் மகள் மூடவில்லை. இன்கா பெர்லினில் டிராம் ஓட்டுகிறாள். நிமிடங்களோடு பிழைப்பவள். 'என் அப்பாவை ஓட வைத்தது யார்?' அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். அதற்காகத்தான் இந்த வருடம் கார் இருக்கையைத் தனக்குத் தரும்படி அன்செல்மிடம் கேட்டு வாங்கினாள். போலீஸ் திருப்பித் தந்த ரெக்கார்டரை அதுவரை தொடாமல் வைத்திருந்தாள், அப்பா போன வழியிலேயே கேட்பதற்காக.

அந்த அழைப்பு யாருடையது என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும். அவள் ஏழாவது பெட்டியில், ஜன்னலோரத்தில், கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

*

பத்து இருபத்தெட்டுக்கு மறுபடி அடித்தது.

"மாக்டெபுர்க். கேளுங்க," என்றாள் இன்கா.

"பத்து இருபத்தெட்டு. மாக்டெபுர்க்," என்றார் ஹோல்கர். "வலது பக்கம் காத்தாலை வரிசை. எல்லாம் தூங்குது. ஒண்ணு மட்டும் சுத்துது, பாவம்."

"ரோஸ்வீத்தா."

"சொல்லு."

"இப்பவும் ஒண்ணு மட்டும்தான் சுத்துது."

"வேற எதாவதா இருக்கும்மா. நிறைய இருக்குமே அங்க."

"மணியும் அதே பத்து இருபத்தெட்டு. நான் ஒண்ணும் பார்த்து ஓட்டல. எப்படி நிமிஷம் கூட மாறாம வருது?"

எதிர் இருக்கைக் கிழவர் ஜன்னலில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டினார். உதட்டின் மேல் விரல் வைத்த முகம். அமைதிப் பெட்டி. நான் எழுந்து கதவோரத்துக்குப் போனேன். கழிப்பறைக் கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில், பெட்டிகள் உரசும் சத்தத்தில் நின்றுகொண்டேன். அன்றைய பயணத்தின் மிச்சம் முழுக்க எனக்கு அந்த இடம்தான்.

"இன்கா, ஓட்டும்போது அதைக் கேட்காதே. இங்க கொலோன் வா, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம்."

"எல்லாரும் சேர்ந்துதான் கேட்கப் போறோம். அந்த ஒரு மணி போனைப் பத்தி அப்பா எதாவது சொல்லியிருப்பார். அதை அன்செல்ம் மூஞ்சிக்கு நேரா போட்டுக் காட்டப் போறேன். அவர் பேர்ல இருக்கிற போன், வேற யார் பேசியிருப்பா? பத்திரிகை விக்கணும்னு விரட்டியிருக்கார். அதுக்கப்புறம் அவர் அந்த நாற்காலியில உட்கார்றதைப் பார்க்கலாம்."

"அன்செல்ம் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"நீங்க நல்லவங்க, ரோஸ்வீத்தா. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க."

பதினொன்று நாற்பத்தாறு. ஹனோவர். "தலைக்கு மேல ஒரு விமானம் போகுது," என்றது ரெக்கார்டர். "அன்செல்மா இருந்தா ஒரு சலாம். மனுஷன் அங்க ஒரு மணி நேரம் உட்காரறதுக்கு கீழ மூணு மணி நேரம் நிக்கறான்." ஹோல்கர் சிரித்தார். இன்காவும் சிரித்தாள். நானும் சிரித்திருக்கிறேன், கதவுக் கண்ணாடியில் அதைப் பார்த்தேன், சிரிப்பாக இல்லை.

எங்கள் கட்டுரைகளில் நேரம், செலவு, புகை எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு எண் எழுதுவோம். அன்று எனக்கு வேறொரு கட்டம் தோன்றியது. விமானத்தில் ஏறியவனை யாரும் தொட முடியாது, போனை அணைத்துவிட்டால் ஒரு மணி நேரம் அவன் இந்தப் பூமியின் ஆள் இல்லை. ரயிலில் இருப்பவள் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், எழுந்து நடக்கலாம். காரில் தனியாக வருகிறவனுக்கு எதுவும் கிடையாது. கை ஸ்டியரிங்கில், கண் சாலையில். காதில் விழும் குரல் பக்கத்து இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

போன வருடம் என் ரயில் ஹனோவரைத் தாண்டி ஒரு வயலில் ஒரு மணி நேரம் நின்றது. பேச ஆள் இல்லை. நான்தான் விதியை மீறி அவரைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிடம். நல்ல வார்த்தைதான் சொன்னேன், அவசரமாக எதையும் சொல்லவில்லை. போதும் போதும் என்கிற அளவுக்கு நேரம் கொடுத்தேன். ஒரு வருடமாக இரவும் பகலும் அந்த இரண்டு நிமிடத்தை எனக்குள் ஓட்டிப் பார்த்து, குற்றமில்லை, குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். பிறகு ஏன் அந்த மனிதர் நூற்றுத் தொண்ணூறில் போனார்? அது மட்டும் எனக்கும் விளங்கவில்லை.

*

ஹாமில் ரயில் நின்றது. இங்கே பத்து நிமிடம். காலடியில் ஒரு உலுக்கல், கொக்கி கழன்றது. டூசல்டார்ஃப் பாதி எங்களை விட்டு மெல்ல விலகியது. அதன் ஜன்னலில் ஒரு பெண் எனக்குக் கையசைத்தாள், அல்லது கண்ணாடியைத் துடைத்தாள்.

மணி ஒன்று இரண்டு. செல்போன்.

"பீலஃபெல்ட். இதுதான் கடைசிக் குறிப்பு. எண் போட்டிருக்கு, இதுக்கு மேல இல்ல." இன்காவின் குரல் தாழ்ந்திருந்தது. "தனியாக் கேட்க பயமா இருக்கு."

"வண்டியை ஓரமா நிறுத்திக் கேளு."

'டிக்'.

"ஒண்ணு ரெண்டு. பீலஃபெல்ட். ஒரு போன் வந்துச்சு." சின்னச் சிரிப்பு. "கால் மூணுக்கு வாசல்ல நிக்கணுமாம். இன்னும் எழுபத்து மூணு நிமிஷம் இருக்கு. நின்னு காட்டறேன்."

இஞ்சின் உறுமும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

"கேட்டீங்களா?" என்றாள் இன்கா. "கால் மூணுக்கு. இருநூறு கிலோமீட்டர் இருக்கு இங்கேர்ந்து. எழுபத்து மூணு நிமிஷத்துல."

"எழுபத்து மூணா?" என்றேன். "ரெண்டு மணிக்கும் மேல இருக்கே."

"உங்க ஊர் ஆளுங்களுக்கு இது ஜென்மத்துக்கும் ஏறாது. எங்க பெர்லின் பேச்சுல கால் மூணுன்னா ரெண்டு பதினஞ்சு. மூணாவது மணியில கால்வாசி ஓடிடுச்சு, அவ்வளவுதான் கணக்கு. ரெண்டு முப்பதை அரை மூணுன்னு நீங்களும்தான் சொல்றீங்க. கால் வந்தா மட்டும் முட்டுது உங்களுக்கு."

கதவோரத்தில் வைத்திருந்த என் சூட்கேஸின் மேல் உட்கார்ந்தேன்.

"அன்செல்ம் உங்க ஊர்க்காரர், ரெண்டே கால்னு சொல்லியிருப்பார். அப்பா அதை எங்க பேச்சுக்கு மாத்திக்கிட்டார். ரெண்டே காலுக்கு வந்து நில்லுன்னு ஒருத்தன் ஆர்டர் போட்டிருக்கான், ரோஸ்வீத்தா. என் அப்பா கிட்ட."

ரயில் கிளம்பியது.

"சரி, நான் பார்த்துடறேன்," என்றாள்.

"எதை?"

"முடியுமான்னு. மணி ஒண்ணு ஆறு. அறுபத்தொம்பது நிமிஷம் இருக்கு. அப்பா என்ன பண்ண வேண்டியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

இஞ்சின் சத்தம் மாறியது. அதே உறுமல். ரெக்கார்டரில் கேட்டதா, இப்போது கேட்பதா என்று ஒரு கணம் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"இன்கா, வேண்டாம். மெதுவாப் போ. இன்கா."

"நூத்தி நாற்பது. ஒண்ணும் தெரியல, வழவழன்னு போகுது. எனக்குத் தண்டவாளம் இல்லாம ஓட்டினா ஒரே குஷி."

அவள் குரலில் குஷி இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

அழைப்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். 'நீங்கள் அழைக்கும் நபர்' என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். ஜன்னலில் மலைச்சரிவு ஏறத் தொடங்கியிருந்தது. கையிலிருந்த செல்போனில் ஒரு செய்தி துள்ளி விழுந்தது, அன்செல்மிடமிருந்து: 'வந்தாச்சு. நாலு மணி நாற்பத்திரண்டு நிமிஷம். மறுபடி விமானம்தான் முதல். வானத்துல இருந்தது அதுல ஒரு மணி, மத்ததெல்லாம் பெல்ட்டைக் கழட்டி மாட்டினது. உங்களுக்கு அரைச் சேவல் சொல்லட்டா?'

மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள்.

"நூத்தி எழுபது," என்றாள். "லாரி எல்லாம் நின்னுட்டிருக்கிற மாதிரி தெரியுது. அந்த வளைவு வர இன்னும் அரை மணி கூட இல்ல."

"இன்கா, அது அன்செல்ம் இல்ல."

சுரங்கம். இருட்டு. கண்ணாடியில் என் முகம், அதற்குப் பின்னால் காலியான கதவோரம். அங்கே யாரோ நிற்பதாகத் தோன்றித் திரும்பினேன். டிக்கெட் பரிசோதகர்.

"வுப்பர்டால் வரைக்கும் சிக்னல் இப்படித்தான்மா வந்து வந்து போகும்," என்றார். "அவசரமா?"

"ஆமா."

"அப்ப அந்தப் பக்கக் கதவுக்கு வாங்க. பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். கொஞ்சம் கிடைக்கும்."

போனேன். செல்போனில் ஒரு சிக்னல் கோடு வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. நான்காவது முயற்சியில் அவள் கிடைத்தாள்.

"அன்செல்ம் இல்லேன்னு சொன்னீங்க. அப்ப யாரு?"

"நான்."

இஞ்சின் சத்தம் குறையவில்லை.

"அந்த போன் நான் பண்ணினது. ரயில்லேர்ந்து. உங்க அப்பாவும் நானும்... ரெண்டு வருஷமாப் பழக்கம். யாருக்கும் தெரியாது. பான்கோவுல என் வீட்டுக்கே வந்துடு, சேர்ந்து இருப்போம்னு கேட்டிருந்தார். கொலோன்ல வாசல்ல வெச்சு பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

"நீங்க." ஒரு மூச்சு. "சவ அடக்கத்துல என் பக்கத்துல நின்னீங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"ஆமா."

"ஒரு வருஷம். ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல. என்னை வேணும்கிற அளவுக்குத் திட்டு. வண்டியை மட்டும் நிறுத்து. இன்கா, உன் கால்ல விழறேன், ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடு."

மலைகளுக்கு நடுவே அந்த ஒற்றைக் கோடு அணையாமல் நின்றது. பிறகு இஞ்சினின் சுருதி இறங்கியது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்தபோது ரெக்கார்டர்தான் மறுபடி ஓடுகிறது என்று நினைத்தேன். இல்லை, ஓரம் ஒதுங்கும் விளக்கு. சரளைக் கல் நொறுங்கியது. கார் நின்றது.

நான் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் இன்கா. நின்ற காருக்குள் அவள் குரல் பக்கத்தில் கேட்டது. "கரெக்டா, வார்த்தை மாறாம சொல்லுங்க. அப்பா கிட்ட என்ன சொன்னீங்க?"

"அந்த நேரத்துக்கு வாசல்ல நின்னா பதில் 'சரி'. நிக்கலேன்னா 'இல்ல'. விளையாட்டாத்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே."

"அதுக்கு ரெண்டே கால் எதுக்கு? அவர் எப்படி வர முடியும்? உங்களாலேயே வர முடியாதே, உங்க ரயில் ஒரு மணி நேரம் லேட்டுன்னு அன்செல்ம் சொன்னாரே."

"ஆமா. நான் போய்ச் சேரவே மூணே கால் ஆகும். நான் அவரை வரச் சொன்னதும் மூணே காலுக்குத்தான்."

"அப்பா தப்பாக் கேட்டிருக்க மாட்டார். கால் மூணுன்னு தெளிவாச் சொல்றார்."

"தப்பாக் கேட்கல," என்றேன். "நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கார். 'மூணே கால்'னு நான் சொல்லல, இன்கா. 'கால் மூணு'ன்னுதான் சொன்னேன். என் பதில் 'சரி'தான். பெர்லினுக்குக் குடிவரப் போறவ பெர்லின்காரி மாதிரிப் பேச வேண்டாமா, கேட்டதுமே அவருக்குப் பதில் புரிஞ்சுடாதான்னு அந்த ரெண்டு வார்த்தையை ரெண்டு நாள் சொல்லிச் சொல்லிப் பழகி வெச்சிருந்தேன். அங்க அது எந்த நேரம்னு மட்டும் யார்கிட்டயும் கேட்கல."